காணிக்கையா, அபராதமா? விசுவாசத்திற்காகத் தலித் கிறிஸ்தவர்கள் இழப்பவை

சில மாதங்களுக்கு முன்பு ஒரு தாயும் மகனும் எங்கள் அலுவலகத்திற்கு வந்தனர். தாய் நூறு நாள் வேலைக்குச் செல்பவர். மகன் முதுநிலைப் பட்டம் முடித்து ஒன்றிய அரசுப் பணி ஒன்றிற்கு விண்ணப்பிக்கவிருந்தார். பள்ளிக் காலத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் அவரிடம் இருந்தது. அதில் 'இந்து' என்ற சொல்லும், பட்டியல் சாதிகளில் ஒன்றான அவரது சாதியின் பெயரும் இருந்தன. கல்லூரியில் படிக்கும்போது அவர் ஞானஸ்நானம் பெற்றார்; இப்போது ஊர்ச் சபையில் வாலிபர் கூட்டத்தை நடத்திவருகிறார். பழைய சான்றிதழைக் கொண்டு விண்ணப்பிக்கலாமா என்பதுதான் அவர்களது கேள்வி. 'எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், யார் பார்க்கப் போகிறார்கள்' என்று உறவினர்கள் கூறியிருக்கின்றனர். மகனுக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாங்கள் விளக்கினோம். இளைஞர் ஒன்றும் பேசவில்லை. தாய்தான் பேசினார்: "அவன் அதைக் கர்த்தருக்குன்னு விட்டுட்டான் தம்பி. அவரு பாத்துக்குவாரு."

இந்தச் சொற்களை நாங்கள் ஏளனமாக எடுத்துக்கொள்ளவில்லை. சேரியில் பிறந்து, கூலி வேலை செய்து, பிள்ளையைப் பட்டம் வரை கொண்டுவந்த ஒரு பெண்ணை இத்தனை ஆண்டுகள் நிமிர்ந்து நிற்கவைத்த நம்பிக்கை அது. அதை மூடத்தனம் என்று ஒதுக்கிவிடும் உரிமை எந்த வழக்கறிஞருக்கும் எந்தச் செயற்பாட்டாளருக்கும் இல்லை. ஆனாலும், அவர்கள் சென்ற பிறகு ஒரு கேள்வி எங்களை விடவில்லை. அந்த இளைஞர் அதை உண்மையில் கர்த்தருக்குக் கொடுத்தாரா? அல்லது வேறொருவர் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டாரா? காணிக்கைக்கும் அபராதத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிய இந்தக் கேள்வியைத் தலித் கிறிஸ்தவர்களும், திருச்சபைகளும், தலித் இயக்கங்களும் சேர்ந்து எதிர்கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து.

ஒரு பத்தி செய்த வேலை

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வெளியானது. அதன் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறொரு மதத்தை வெளிப்படையாகப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று வரையறுத்தது. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஏழு மாதங்கள்கூட ஆகாத நிலையில், சட்டம் தரும் பாதுகாப்புக்கு மதம் நிபந்தனையாயிற்று. தலித் கிறிஸ்தவ அமைப்புகள் ஆகஸ்ட் 10ஆம் நாளைக் கருப்பு நாளாகக் கடைப்பிடித்துவருவது இதனால்தான்.

இந்தப் பத்தி கல்லில் எழுதப்பட்டதன்று. 1956இல் சீக்கிய மதத்தைச் சேர்ந்த தலித்துகளுக்காகத் திருத்தப்பட்டது. 1990இல் பௌத்தத்தைத் தழுவிய தலித்துகளுக்காக மீண்டும் திருத்தப்பட்டது. பழங்குடியினர் பட்டியலுக்கு இத்தகைய மத நிபந்தனை தொடக்கம் முதலே இல்லை; ஒரு பழங்குடியினர் கிறிஸ்தவரானாலும் அவருடைய பட்டியல் நிலை அப்படியே தொடர்கிறது. மதம் மாறிய தலித்துகளில் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் மட்டுமே இன்றும் வெளியே நிறுத்தப்பட்டுள்ளனர்.

ஆணையில் உள்ள 'வெளிப்படையாகப் பின்பற்றுதல்' என்பதன் பொருளை உச்ச நீதிமன்றம் 1964இல் விளக்கியது. அவ்வழக்கு நாக்பூரிலிருந்து வந்தது. பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியில் வென்ற ஒருவர் பௌத்தத்தைத் தழுவியவர் என்ற காரணத்தால் அவரது தேர்தல் எதிர்க்கப்பட்டது. மனத்தளவில் நம்புவது மட்டும் போதாது, அந்த நம்பிக்கையை ஊரறிய அறிவிப்பதோ கடைப்பிடிப்பதோதான் கணக்கில் கொள்ளப்படும் என்று நீதிமன்றம் கூறியது. வென்றவர் தம் பதவியை இழந்தார்.

இந்த விளக்கம் நடைமுறையில் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். நம்பிக்கையை மறைத்துக்கொள்பவரிடம் சான்றிதழ் தங்குகிறது. நம்பிக்கையை அறிக்கையிடுபவர் அதை இழக்கிறார். கிறிஸ்தவத்திலோ, ஊரார் முன்னிலையில் அறிக்கையிடுவதே சீடத்துவத்தின் தொடக்கம். ஞானஸ்நானம் என்பதன் பொருளே அதுதான். அரசமைப்பின் 25ஆவது பிரிவு ஒருவர் தம் மதத்தை வெளிப்படையாகப் பின்பற்றும் உரிமையை வழங்குகிறது. 1950ஆம் ஆண்டின் ஆணை அதே செயலுக்கு விலை வைக்கிறது. ஒரு கையால் கொடுத்த உரிமைக்கு மறு கையால் கட்டணம் வாங்கும் ஏற்பாடு இது.

கதை அங்கும் முடியவில்லை. கிறிஸ்தவத்தை விட்டு இந்து மதத்திற்குத் திரும்புபவருக்குப் பட்டியல் சாதி நிலை மீண்டும் கிடைக்கும். அவரது மூதாதையர் அச்சாதியைச் சேர்ந்தவர் என்பது, அவர் உண்மையாகவே திரும்பினார் என்பது, அச்சாதியினர் அவரை ஏற்றுக்கொண்டனர் என்பது ஆகிய மூன்றையும் மெய்ப்பிக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் வகுத்துக்கூறியது. அப்படியானால் சான்றிதழ் அழிக்கப்படவில்லை, பிணைப்பொருளாகப் பிடித்துவைக்கப்பட்டுள்ளது. கிறிஸ்துவை விட்டால் திருப்பித் தரப்படும். கொடுத்த காணிக்கையை இப்படி நிபந்தனையுடன் வைத்துக்கொண்டு காத்திருப்பவரை எந்த விசுவாசியும் கடவுள் என்று அழைக்க மாட்டார்.

பதிவேடும் சிலுவையும் சாட்சிகளாகும்போது

அண்மை ஆண்டுகளின் வழக்குகளைப் படிக்கும்போது நம்மைத் துணுக்குறச் செய்வது, வழிபாட்டின் அடையாளங்கள் எவ்வாறு சாட்சியங்களாக மாறுகின்றன என்பதுதான்.

2013இல் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவரின் சாதிச் சான்றிதழ் ரத்து செய்யப்பட்டது. அவர் கிறிஸ்தவர் ஒருவரை மணந்தவர். அவரது மருத்துவமனைச் சுவரில் சிலுவை மாட்டப்பட்டிருந்ததை அதிகாரிகள் கண்டு, அவர் மதம் மாறிவிட்டதாக முடிவு கட்டினர். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்து ஆணையைச் செல்லாததாக்கியது. கணவருடனும் பிள்ளைகளுடனும் தேவாலயத்திற்குச் செல்வதாலேயே ஒருவர் தம் முந்தைய நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டார் என்று பொருளாகாது என்றும், அதிகாரிகளின் அணுகுமுறை குறுகிய மனப்பான்மையைக் காட்டுகிறது என்றும் நீதிமன்றம் கண்டித்தது. நல்ல தீர்ப்பு. ஆயினும் அதற்குள் எட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் தனித்தொகுதியில் வென்ற சட்டமன்ற உறுப்பினர் ஆ. ராஜாவின் தேர்தலைச் செல்லாது என்றது. திருச்சபையின் பதிவேடுகளும் திருமணப் புகைப்படங்களும் அங்கே சாட்சியங்களாயின. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து அவரது பதவியை நிலைநிறுத்தியது. மலைத்தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தலித் குடும்பங்களில் கோயிலும் தேவாலயமும் ஒரே வீட்டிற்குள் கலந்து வாழ்வது புதிதன்று. நீதிமன்றமோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

2024 நவம்பர் 26, அரசமைப்பு நாள். அன்று புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தள்ளுபடி செய்தது. இந்து பட்டியல் சாதித் தந்தைக்கும் கிறிஸ்தவத் தாய்க்கும் பிறந்த அவர், மேல்நிலை எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரியிருந்தார். அவர் ஞானஸ்நானம் பெற்றவர், தேவாலயத்திற்குத் தவறாமல் செல்பவர் என்பதால், வேலைக்காக மட்டும் இந்து என்று கோருவது அரசமைப்பின் மீது செய்யப்படும் மோசடிக்கு ஒப்பாகும் என்பது தீர்ப்பின் சாரம். 'மோசடி' என்ற சொல் யார் மீது விழுந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ஒரு மனிதரை அவருடைய நம்பிக்கைக்கும் அவருடைய சோற்றுக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, அவர் தடுமாறும்போது மோசடிக்காரர் என்று அழைப்பது எளிது. அந்த இடத்தில் அவரை நிறுத்திய ஆணையைப் பற்றிக் கேட்பதுதான் கடினம்.

2025 ஏப்ரலில் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு இன்னும் கூர்மையானது. பத்தாண்டுகளுக்கு மேலாகப் போதகராக ஊழியம் செய்துவந்த ஒருவர், தம்மைச் சாதி சொல்லித் திட்டித் தாக்கினர் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் புகார் அளித்திருந்தார். அவர் கிறிஸ்தவராகிவிட்டதால் அச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று கூறி நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. புகாரில் உள்ளபடி, தாக்கியவர்கள் அவரது மதத்தைக் கேட்டுவிட்டுத் திட்டவில்லை. அவர்களுக்கு அவருடைய சாதி தெரிந்திருந்தது. அவருக்குச் சாதி இல்லை என்று கூறியது சட்டம்தான்.

எங்கே ஒழிந்தது சாதி?

மூன்றாம் பத்திக்கு ஆதரவாக வழக்கமாக முன்வைக்கப்படும் வாதம் ஒன்று உண்டு: கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, எனவே கிறிஸ்தவருக்குச் சாதி அடிப்படையிலான பாதுகாப்பு எதற்கு?

இந்த வாதத்தின் நீதிமன்ற வரலாறு சென்னைச் சாலையோரத்தில் தொடங்குகிறது. சாலையோரத்தில் அமர்ந்து செருப்புத் தைத்துவந்த தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடைகளை வழங்கியது. அதே வேலையை அதே சாலையோரத்தில் செய்துவந்த சூசை என்ற ஆதி திராவிடருக்கு அது மறுக்கப்பட்டது. காரணம், அவர் கிறிஸ்தவர். 1985 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, சாதியின் கொடுமை கிறிஸ்தவச் சமூகத்திற்குள்ளும் அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதற்குச் சான்றுகள் வேண்டும் என்றது. செருப்புத் தைப்பவர் ஒருவர் சமூகவியல் ஆய்வைக் கையில் எடுத்துக்கொண்டு டெல்லிக்குச் செல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்து நிற்கும் சுவரைப் பற்றித் தமிழ்நாடு அறியும். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், பொதுவான வழி, சவ வண்டி, கல்லறை ஆகியவற்றில் பாகுபாட்டை எதிர்த்துத் தனிப் பங்கு கோரிய தலித் கத்தோலிக்கர்கள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டனர். அதைத் தொடர்ந்த கலவரத்தில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர் இருவர் உயிரிழந்தனர். இரு தரப்பினரும் ஒரே பீடத்தின்முன் மண்டியிடுபவர்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. சுமார் 1.9 கோடி இந்தியக் கத்தோலிக்கர்களில் ஏறத்தாழ 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் அது குறிப்பிட்டது.

ஆகவே தலித் கிறிஸ்தவர் இரண்டு முறை இழக்கிறார். அரசிடம் செல்லும்போது 'நீ கிறிஸ்தவன், உனக்குச் சாதி இல்லை' என்கிறார்கள். திருச்சபையிடம் செல்லும்போது அவரது சாதி அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த இழப்பின் அளவைத் துல்லியமாகச் சொல்லலாம். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்திற்கு மாறியவர்கள், எத்தனை தலைமுறை கடந்திருந்தாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். நிலமும் கல்வியும் வணிகமும் பல தலைமுறைகளாகக் கைவரப்பெற்ற சமூகங்களோடு அவர்கள் 26.5 விழுக்காட்டு இடங்களுக்குப் போட்டியிட வேண்டும். சில கல்வி உதவித்தொகைகளை மாநில அரசு அவர்களுக்கும் வழங்குகிறது; அது வரவேற்கத்தக்கது. ஆனால் மாநிலத்தின் 44 பட்டியல் சாதித் தனித்தொகுதிகளில் அவர்கள் வேட்பாளராக முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்கு இல்லை.

விசுவாசமும் வழக்காடுதலும்

இந்த இழப்புகளைப் 'பாடு', 'சிலுவை', 'தியாகம்' என்ற சொற்களால் விளக்கும் பிரசங்கங்களை நாம் கேட்டிருக்கிறோம். உலகத்தின் சலுகைகளை நாடாதே, பரலோகத்தில் உனக்குப் பங்கு உண்டு என்று அவை அறிவுறுத்துகின்றன. ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டாலும், இப்பேச்சு அரசின் அநீதிக்குத் தெய்வீக முத்திரை குத்திவிடுகிறது.

இங்கே விவிலியத்தை நாம் கவனமாக வாசிக்க வேண்டும். ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசுகளைப் பற்றிப் பேசாத போதகர் இல்லை. தனக்கிருந்த அனைத்தையும் அவள் கொடுத்தாள் என்பது உண்மை. ஆனால் மாற்கு நற்செய்தியில் அந்நிகழ்ச்சிக்குச் சற்று முன்னே, விதவைகளின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞர்களை இயேசு கண்டிக்கிறார். காசு போட்டவளைப் புகழ்வதற்கு முன்பு, அவளை அந்த நிலைக்குத் தள்ளியவர்களைப் பற்றிப் பேசிவிட்டார். முந்தைய வரிகளை விட்டுவிட்டுக் காசுகளை மட்டும் பிரசங்கிப்பது பாதி நற்செய்திதான்.

ஆபிரகாம் தன் மகனைப் பலியிடச் சென்ற கதையும் அப்படியே. 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று நம் மக்கள் சொல்லும் நம்பிக்கையின் வேர் அந்த மலையில்தான் இருக்கிறது. அந்தக் கதையின் முடிவில் கத்தி தடுத்து நிறுத்தப்படுகிறது. மகன் வீடு திரும்புகிறான். பிள்ளையைக் கேட்டுவாங்கி வைத்துக்கொள்ளும் கடவுளை அக்கதை நமக்குக் காட்டவில்லை.

பவுலையும் நினைத்துக்கொள்ளலாம். கிறிஸ்துவுக்காக எல்லாவற்றையும் குப்பையாக எண்ணியதாக எழுதியவர் அவர். தியாகத்தைப் பற்றி அவருக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. அந்தப் பவுலை எருசலேமில் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, விசாரணையின்றி உரோமைக் குடிமகனை அடிப்பது சட்டப்படி சரிதானா என்று கேட்டார். பின்னர், தமக்கு நீதி கிடைக்காது என்று கண்டபோது பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார். கடவுளை நம்பியதற்காக அவர் தம் குடியுரிமையைக் கைவிடவில்லை. குடியுரிமையைக் கோரியதற்காக அவருடைய விசுவாசம் குறைந்ததாக எந்தத் திருச்சபையும் கூறியதில்லை. தலித் கிறிஸ்தவர் நீதிமன்றத்திற்குச் செல்லும்போது மட்டும் அது உலகப்பிரகாரமான ஆசையாகிவிடுமா?

விரும்பிக் கொடுப்பது காணிக்கை. கொடுக்காமலும் இருக்கலாம் என்ற வழி திறந்திருந்தால்தான் அது காணிக்கையாகும். மதத்தைச் சொன்னதற்காக அரசு பறிப்பது அபராதம். அபராதத்தைப் பொறுமையுடன் சுமப்பவரின் மன உறுதி போற்றத்தக்கது. ஆனால் அந்த உறுதியைக் காட்டி அபராதத்தை நியாயப்படுத்த முடியாது.

முப்பத்து நான்கு ஆண்டுகள்

இதே பாதையில் நமக்கு முன்னே நடந்தவர்கள் இருக்கிறார்கள். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் அம்பேத்கருடன் பௌத்தத்தைத் தழுவிய இலட்சக்கணக்கான மக்களுக்கும் இதே மூன்றாம் பத்தி காத்திருந்தது. சலுகைகள் போய்விடும் என்று தெரிந்தே அவர்கள் தம்மத்தை ஏற்றனர். நாம் மேலே கண்ட 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அவ்வாறு பௌத்தத்தைத் தழுவிய ஒருவரைப் பற்றியதுதான். அவர்கள் தம் நம்பிக்கையையும் விடவில்லை, உரிமைக் கோரிக்கையையும் விடவில்லை. 1990இல் வி.பி. சிங் ஆட்சியில் ஆணை திருத்தப்படும் வரை 34 ஆண்டுகள் ஆயின.

'இழப்பதற்குத் தயார்' என்பதும் 'இழப்பு அநீதி' என்பதும் ஒரே மனிதரின் வாயிலிருந்து வரலாம் என்பதை அந்த 34 ஆண்டுகள் காட்டுகின்றன. தலித் கிறிஸ்தவர்கள் 75 ஆண்டுகளைக் கடந்துவிட்டனர்.

நம்மிடையே உள்ள தயக்கம்

தலித் இயக்கங்களுக்குள் ஒரு தயக்கம் இருப்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே போதாத பங்கில் இன்னொருவரும் கை வைப்பாரே என்ற அச்சம் அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. ஒதுக்கீடு 18 விழுக்காடு. எனவே அச்சத்தில் நியாயம் உண்டு. இதற்கு விடை, மக்கள்தொகை கூடும்போது ஒதுக்கீட்டு விழுக்காடும் கூட வேண்டும் என்று சேர்ந்து கோருவதே. வெளியே நிற்பவரை வெளியிலேயே நிறுத்துவதால் நம் பங்கு ஒரு விழுக்காடுகூட உயரப்போவதில்லை.

மேலும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பங்கிட்டுக் குறையும் பொருளன்று. ஒரு தலித் போதகருக்கு அச்சட்டம் பாதுகாப்பளித்தால் மற்றொரு தலித்துக்கு அது குறைந்துவிடாது. இந்தக் கோரிக்கையில் நாம் அனைவரும் இன்றே ஒன்றுபட முடியும்.

அரசு தரப்பில் ஆணையங்களுக்குக் குறைவில்லை. 2007 மே மாதத்தில் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதி நிலையை மதத்திலிருந்து முற்றிலும் பிரிக்குமாறு பரிந்துரைத்தது. அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படவே 2009 டிசம்பர் ஆயிற்று. மூன்றாம் பத்தியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தொடரப்பட்டது 2004இல். 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைக்கப்பட்டது; இரண்டு ஆண்டுகள் என்று தொடங்கி அது காலநீட்டிப்பும் பெற்றது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி நிலை வழங்குமாறு ஒன்றிய அரசை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆய்வு போதவில்லை என்ற வாதத்திற்கு இனி இடமில்லை.

திருச்சபைகள் டெல்லியை எதிர்பார்த்திருக்க வேண்டியதும் இல்லை. அரசமைப்பின் 30ஆவது பிரிவின்கீழ் அவை நடத்தும் பள்ளிகளும் கல்லூரிகளும், அவற்றோடு மருத்துவமனைகளும் ஏராளம். அவற்றின் சேர்க்கையிலும் பணி நியமனத்திலும் தலித் கிறிஸ்தவர்களுக்கு உரிய பங்கை அளிக்க எந்த ஆணையமும் தேவையில்லை. கல்லறைச் சுவரை இடிக்கக் கடப்பாரை போதும். ஞானஸ்நானத்திற்கு ஆயத்தம் செய்யும் வகுப்பிலேயே அதன் சட்ட விளைவுகளை நேர்மையாக எடுத்துரைப்பதும், இழப்பைச் சந்திப்பவருக்குச் சட்ட உதவி அளிப்பதும் மேய்ப்புப் பணிதான். விசுவாசியிடம் தியாகத்தைக் கேட்கும் நிறுவனம் தன் சொத்திலிருந்தும் ஏதேனும் கொடுக்க வேண்டும்.

அந்த இளைஞரிடம் சொன்னது

அந்த இளைஞரிடம் நாங்கள் பழைய சான்றிதழைப் பயன்படுத்த வேண்டாம் என்றே கூறினோம். பொய்யான சாதிச் சான்றிதழால் பெற்ற பணியை எத்தனை ஆண்டுகள் கழிந்தபின்னும் இழக்க நேரிடும் என்பதை உச்ச நீதிமன்றம் 2017இல் தெளிவாக்கியுள்ளது; அந்த ஆபத்தில் அவரை இறக்கிவிட எங்களுக்கு உரிமை இல்லை. பட்டியல் சாதியிலிருந்து மாறிய கிறிஸ்தவர் என்ற முறையில் இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் விண்ணப்பிக்கலாம் என்பதை விளக்கி, அதற்கான சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு அளிக்க உதவினோம்.

மனுவில் கையெழுத்திடும்போது அவர் கேட்டார்: "அண்ணா, நான் உண்மையைச் சொன்னதால எனக்குத்தானே நஷ்டம்?"

ஆம் என்பதே விடை. உண்மையைச் சொன்னதற்காக அவர் இழந்தார். அந்த இழப்பைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு இரவில் நிம்மதியாக உறங்க அவராலும் அவருடைய தாயாலும் முடியும். அது அவர்களுடைய விசுவாசத்தின் பலம். அதற்குள் தலையிட நமக்கு வேலையில்லை. நம் வேலை வேறு. அந்தத் தாய் கர்த்தரிடம் விட்டுவிட்டதாகச் சொன்ன பொருள் கர்த்தரிடம் இல்லை. அது ஒன்றிய அரசின் ஆணையொன்றில், மூன்றாம் பத்தியில் இருக்கிறது. அதை அங்கிருந்து மீட்கும் வரை, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது நாம்தான்.